ஒரே மேசையில் இருவர்

திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கரிசக்காட்டு ஊரிலிருந்து அருப்புக்கோட்டைக் கல்லூரிக்குப் பி.யூ.சி. படிக்கப் போன முதல் பெண் ராமலட்சுமி. 1972இல் அவள் ஊருக்குப் பஸ் கிடையாது. திருச்சுழி வரை நடந்து பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது முதல் வகுப்பான ஆங்கிலம் பாதி முடிந்திருக்கும்.

வேதியியல் ஆய்வகத்தில் மேசைக்கு இரண்டு பேர். அவளோடு நின்றவள் சண்முகவடிவு, பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்தவரின் மகள். முதல் நாளே, "நான் செய்யிறேன், நீ கழுவித் தா. ஒனக்குப் பஸ்ஸுக்கு நேரமாயிரும்ல" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

"சரிங்க."

அதன்பின் ராமலட்சுமி குடுவைகளைக் கழுவினாள். வடிவு சொன்ன அளவுகளை எழுதிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

கார்த்திகையில் வடிவுக்கு அம்மை போட்டது. ராமலட்சுமி தனியாக நின்றாள். பிப்பெட் என்ற அளவுக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சியதும் சோடாக் கரைசல் தொண்டை வரை ஏறிவிட்டது. தொட்டிக்கு ஓடித் துப்பினாள். பின்னால் சிரிப்புக் கேட்டது.

விரிவுரையாளர் பூமிநாதன் வந்தார். "இத்தனை மாசமா என்னம்மா செஞ்ச?"

"கழுவுனேன் சார்."

அவளே கேட்டாள்: "சாப்பாட்டு நேரத்துல வந்து பச்சத்தண்ணிய வச்சுப் பழகிக்கிறட்டுமா சார்?"

தலையசைத்தார். அன்றிலிருந்து கம்பஞ்சோற்றை அவசரமாக விழுங்கிவிட்டு ஆய்வகத்துக்குப் போனாள்.

வடிவு இளைத்துப்போய்த் திரும்பி வந்தாள். வழக்கம்போலப் பிப்பெட்டுக்குக் கை நீட்டினாள்.

"இன்னைக்கு நான் செய்யிறேன். நீங்க எழுதுங்க."

"பஸ்ஸு போயிருமே?"

"போனாப் போவுது."

முதல் தடவை அமிலம் கூடிக் கரைசல் சிவந்துவிட்டது. கொட்டிவிட்டு மறுபடி செய்தாள். இரண்டாம் தடவை சரியாக வந்தது. அதற்குள் பஸ் போய்விட்டது. வடிவு குடுவைகளைக் கழுவி வைத்துவிட்டு அவளோடு பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள்.

"செய்யணும்னு ஒனக்கும் ஆசையிருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல."

"நானும் கேக்கலையே."

அடுத்த பஸ் வர வெகுநேரமாயிற்று. வடிவு நகரவில்லை.

"நீ போ வடிவு, வீட்ல தேடுவாக" என்றாள் ராமலட்சுமி.

"தேடட்டும்."

பரீட்சையில் வேதியியலில் இருவருக்கும் நல்ல மார்க். ராமலட்சுமிக்கு ஆங்கிலம் போய்விட்டது. செப்டம்பரில் மறுபடி எழுதித் தேறினாள். அடுத்த வருஷம் பி.எஸ்ஸி.யில் வேதியியலே எடுத்தாள்.