புல்லைத் தேய்த்த கால்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. கோல்ஃப் ஆடத் தொடங்குவோருக்கு ஏற்ற கருவிகள், நல்ல யோசனைகள் என்று ஒரு பத்திரிகை என்னிடம் கட்டுரை கேட்டது. எழுத உட்கார்ந்தால் கசோண்டே குறுக்கே வந்து நின்றுகொண்டான். விலக்கிப் பார்த்தேன், நகரவில்லை.

தொடக்கம் ஒன்று: 'கோல்ஃப் ஓர் அமைதியான ஆட்டம்…' (பொய். அடித்துவிட்டேன்.)

தொடக்கம் இரண்டு: ஸாம்பியாவில், எங்கள் தாமிரச் சுரங்கத்தின் பம்பு பட்டறையில் கசோண்டே துணைத் தலைவன். தலைவர் ஓய்வுபெறப் போகிறார். அந்த நாற்காலி யாருக்கு என்பது மேலாளர் கோல்ஃப் ஆடும் இடத்தில்தான் முடிவாகும் என்று ஊருக்கே தெரியும்.

"முவிலாப்பா, நீங்க பம்பையே கட்டிக்கிட்டு அழுங்க. உங்க பட்டறை லுபியா கோல்ஃப் குச்சியத் தூக்கிக்கிட்டு மேனேஜர் பின்னாடியே சுத்துறான்" என்றாள் மனைவி பெஸா, பிள்ளை முவிலாவின் பெயரால் அவனைக் கூப்பிட்டு.

"எனக்கு அந்த ஆட்டமே தெரியாதேடி."

"அவன் மட்டும் குச்சியோடவா பொறந்தான்?"

2

(கட்டுரை கேட்டவர்கள் இதை மட்டும் வெட்டிக்கொள்ளலாம்.)

சுரங்க மருத்துவமனை நர்ஸ் நம்வீங்கா எங்கள் மைதானத்தில் நன்றாக ஆடுபவள். அவள்தான் கசோண்டேக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

"முழு செட்டு எதுக்குண்ணே? அஞ்சாறு குச்சி போதும். பழசா இருந்தாலும் உங்க உசரத்துக்குச் சரியா இருக்கணும், பிடி வழுக்கக் கூடாது. மெதுவா வீசுங்க. பந்து ஒண்ணும் உங்க பங்காளி இல்ல."

எல்லாம் நல்ல யோசனை. ஒரு சொல்கூடத் தப்பில்லை.

எங்கள் மைதானத்தில் குழியைச் சுற்றிப் புல் கிடையாது. பழைய எண்ணெய் விட்டு இறுக்கிய மணல். பந்தை உருட்டுமுன் மணலிலுள்ள தடங்களைத் தேய்த்துப் பாதை போட்டுக்கொள்வது இங்கே முறை. கசோண்டே காலாலேயே தேய்ப்பான்.

(இவ்வளவு சீக்கிரம் ஒருவன் தேறுவானா என்று எனக்கே சந்தேகம். ஆனால் ஆண்டுக்கணக்கில் துணைத் தலைவனாகவே இருந்தவனின் வெறி அது. தேறினான்.)

3

மேலாளர் லுபியாவோடு அவனையும் நிடோலா நகரத்துப் புல் மைதானத்துக்குக் கூப்பிட்டார். அன்று பெஸா அவன் சட்டையை இரண்டு முறை தேய்த்துக் கொடுத்தாள். கடைசிக் குழிவரை கசோண்டேதான் முன்னால் இருந்தான். குழிக்கு இரண்டடியில் பந்து. அப்போது அவன் கால், பழக்கத்தில், புல்லைத் தேய்த்துப்

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனமில்லை.)

"சார், பாருங்க சார், வீட்டைப் பெருக்குறான்!" லுபியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இங்க அதெல்லாம் செய்யக் கூடாதுப்பா. அபராதம் போட்டுக்கோ" என்றார் மேலாளர். அபராத வீச்சுகள் கணக்கில் ஏறியதில் முன்னிலை போய்விட்டது.

நம்வீங்கா இதைச் சொல்லவில்லையே என்று கேட்காதீர்கள். அவளை அந்தப் புல்லில் யார் கால்வைக்க விட்டார்கள்? நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

4

முடிவு அ: பந்து விழுகிறது, பதவி கிடைக்கிறது. (பத்திரிகைக்குப் பிடிக்கும். எனக்குக் கசக்கிறது.)

முடிவு ஆ: விழவில்லை. பெஸா எதுவும் கேட்காமல் ன்ஷிமாக் களி எடுத்து வைக்கிறாள். (அவளை இப்படி ஊமையாக்க நான் யார்?)

இரண்டும் வேண்டாம். ஏனென்றால் கசோண்டே குனிந்தபோது மேலாளர் பின்னால் லுபியாவிடம் சொன்னது அவன் காதில் விழுந்துவிட்டது.

"சீக்கிரம் முடிக்கச் சொல்லுப்பா. உனக்குப் பதவி கெடச்சதுக்கு இன்னிக்கு நீதான் விருந்து வைக்கணும், ஞாபகம் இருக்கா?"

கருவி சரி, யோசனை சரி. இனிச் சொல்ல என்னிடம் எதுவுமில்லை. பந்து இன்னும் இரண்டடியில் கிடக்கிறது, அவர்கள் காத்திருக்கிறார்கள். பிடி வழுக்காத அந்தக் குச்சியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.