கோடரிக்கு மூன்று டிக்

அந்த அச்சகத்தின் மாடியறையில் மெய்ப்புப் பார்ப்பவர்கள் மூன்று பேர். ஆளுக்கொரு பேனா, பேனாவுக்கொரு நிறம். வருஷக் கணக்கில் புழங்கியதில் பெயர்கள் தேய்ந்துபோய் நிறங்கள் மட்டும் மிஞ்சின. "பச்சையைக் கேளு", "நீலம் இன்னும் வரல", "சிவப்பக்காகிட்ட குடு" என்றுதான் கட்டடம் முழுக்கப் பேச்சு.

அங்கே ஒரு நடைமுறை உண்டு. தாளின் வலது கீழ் மூலையில் மூன்று நிறத்திலும் டிக் விழுந்துவிட்டால் அது கதவோரக் கம்பித் தட்டுக்குப் போகும். தட்டிலிருந்து பக்கம் அமைக்கும் லேஅவுட்காரர் எடுப்பார். அவர் காதில் எந்நேரமும் பாட்டு. அச்சான தாளோ, கையால் எழுதிய திருத்தமோ, மூன்று டிக் இருந்தால் போதும். என்ன ஏது என்று கேட்காமல் கணினியில் ஏற்றிவிடுவார். கேட்டால், "நான் படிக்கிறதுக்கு சம்பளம் வாங்கல" என்பார். நியாயம்தான். பிறகு அச்சுத் தகடு, அதாவது பிளேட், பிறகு கீழே மெஷின், மெஷினிலிருந்து முதல் தாள். அந்த முதல் தாளில் மேனேஜர் "படித்தேன், சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் மீதி ஓடும்.

மேனேஜர் முதலாளியின் மச்சான். அவருடைய கையெழுத்தில் இரண்டு சுழி, ஒரு வால், வாலுக்குக் கீழே இரண்டு புள்ளி. படிக்க ஆகும் நேரத்தை விட அதைப் போட ஆகும் நேரம் அதிகம் என்று சொல்வார்கள். அது தவறான தகவல். படிக்க அவருக்கு நேரமே ஆவதில்லை.

சிவப்பக்காவுக்கு ஐம்பத்தொரு வயது. அவர் கைப்பையில் அந்த மேனேஜர் கொடுத்த எச்சரிக்கைக் கடிதங்கள் இரண்டு இருந்தன. முதலாவது, ஒரு விசிட்டிங் கார்டில் தொலைபேசி எண்ணின் ஓர் இலக்கம் விழுந்துபோனதற்கு. அது அக்காவின் தவறுதான், ஒப்புக்கொண்டார். இரண்டாவது, ஓர் ஆண்டறிக்கையில் பன்னிரண்டாம் பக்கம் இரண்டு தடவை வந்ததற்கு. அது மேனேஜரின் அவசரத்தால் வந்தது. கடிதம் மட்டும் அக்காவுக்கு வந்தது. மூன்றாவது கடிதம் வந்தால் அதோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று இரண்டாவதன் கடைசி வரி சொன்னது. தடித்த கண்ணாடி போட்ட ஐம்பத்தொரு வயதுக் கண்களை மெய்ப்புப் பார்க்க இனி எந்த அச்சகம் கூப்பிடும்? அக்காவுக்குப் பதில் தெரியும். அதனால்தான் வீட்டில் மளிகைப் பட்டியலைக்கூட மூன்று தடவை படித்தார்.

பச்சையும் நீலமும் வேறு கவலையில் இருந்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் வரும் ஒரு ஜாம்பித் தொடர் அவர்களைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. செத்தவர்கள் எழுந்து தெருவில் நடக்க, சாகாதவர்கள் மளிகைக் கடையில் ஒளிந்துகொண்டு ஒருவரை ஒருவர் சந்தேகப்படும் தொடர். சனிக்கிழமை காலை முழுக்க மாடியறையில் ஆராய்ச்சி.

"அந்த டாக்டரம்மாவைக் கடிச்சாச்சு. எழுதி வெச்சுக்கோ" என்றார் பச்சை. "இல்லேன்னா மூணு வாரமா இடது கை கையுறையை ஏன் கழட்டல?"

"குளிருது சார், போட்டிருக்காங்க."

"குளிருன்னா ரெண்டு கையிலயும் போடணும்ல? லாஜிக் வேணாமா?"

பச்சைக்கு நாற்பத்தைந்து வயது. தண்ணீர் பாட்டில் மூடியை நீலத்திடம் கொடுத்துத்தான் திறப்பார். ஆனால் ஜாம்பி வந்தால் இந்த ஊரிலிருந்து பன்னிரண்டு பேரைப் பாலத்தைத் தாண்டி அழைத்துப்போகும் திட்டம் அவரிடம் முழுசாக இருந்தது. அந்தப் பன்னிரண்டு பேரில் தன் மைத்துனரை அவர் சேர்க்கவில்லை.

"துப்பாக்கி எடுக்கறவன் முட்டாள்" என்று வகுப்பெடுத்தார். "சத்தம் கேட்டு நாலு தெரு ஜாம்பியும் கூடிடும். குண்டு தீர்ந்தா அது வெறும் குழாய். கோடாரிதான். ஒரே போடு."

"வாணலி சார். இரும்பு வாணலி. அடிக்கவும் ஆச்சு, சமைக்கவும் ஆச்சு."

"அந்த நேரத்துல உனக்கு சமையலா?"

"ஏன், உலகம் அழிஞ்சா பசிக்காதா?"

கடைசியில் பட்டியல் போடுவதென்று முடிவானது. கைக்குக் கிடைத்தது ஒரு திருத்தச் சீட்டு. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்கான அவசரகாலக் கையேடு அப்போது வேலையில் இருந்தது; வேலை எண் இருநூற்றுப் பதினாலு, பக்கம் ஆறு என்று சீட்டின் தலையில் ஏற்கெனவே எழுதியிருந்தது. கூடவே அந்தப் பக்கத்தின் தலைப்பும் இருந்தது: "ஆபத்து வேளையில் உடனே கையில் எடுக்க வேண்டியவை". இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைக்குமா என்று சொல்லி, அதற்குக் கீழேயே பட்டியலைப் பச்சை தன் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார். கோடரி, கடப்பாரை, இரும்பு வாணலி, சைக்கிள் செயின் என்று போனது பட்டியல். "பின்னால் வருபவரை விட வேகமாக ஓடக் கூடிய செருப்பு" என்பது நீலத்தின் பங்களிப்பு. தீர்மானம் நிறைவேறியதற்கு அடையாளமாகப் பச்சை ஒரு டிக் போட்டார், நீலம் ஒரு டிக் போட்டாள்.

"அக்கா, நீங்களும் பாருங்க" என்று சீட்டை நீட்டினாள் நீலம்.

"எனக்கு மனுஷங்களை சமாளிக்கவே நேரம் பத்தல. ஜாம்பி வேறயா? தள்ளி வைடி."

ஆனால் கண் கேட்குமா? பதினெட்டு வருஷமாகப் பழகிய கண். சீட்டில் நாலுக்கு அடுத்து ஆறு என்று எண் போட்டிருந்ததை அது பார்த்துவிட்டது. வரிசை தவறிய எண்ணை அப்படியே விட்டுவிட்டுச் சோறு உண்ண அக்காவால் முடியாது. சிவப்புப் பேனாவால் ஆறை அடித்து ஐந்தாக்கினார். அடுத்ததையும் திருத்தினார். திருத்திய கை, திருத்திய பிறகு எப்போதும் செய்வதைச் செய்தது. வலது கீழ் மூலையில் ஒரு டிக். பிறகு சீட்டைக் கம்பித் தட்டில் போட்டது. அக்கா அப்போது நீலத்தின் தங்கைக்கு வந்த வரனைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். கை செய்ததற்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை.

திங்கட்கிழமை காலை பத்தே முக்காலுக்குப் பச்சை மேஜையைக் குடைந்தார்.

"என் பட்டியல் எங்க? வில்லும் அம்பும் சேர்க்கணும்."

"எந்தப் பட்டியல்?" என்றார் அக்கா.

"ஆயுதப் பட்டியல்க்கா. நீங்ககூட சனிக்கிழமை நம்பரெல்லாம் சரி பண்ணி டிக்..."

அந்தச் சொல்லோடு மூன்று பேரும் கம்பித் தட்டைப் பார்த்தார்கள். தட்டு காலி. நீலம் லேஅவுட்டுக்கு ஓடினாள். லேஅவுட்காரர் ஒரு காதின் இயர்போனை மட்டும் எடுத்துவிட்டு, "இருநூத்திப் பதினாலா? ஆறாம் பக்கம் பூரா மாத்தச் சொல்லி சீட்டு வந்துது, மாத்திட்டேன். சனிக்கிழமையே பிளேட் போயாச்சு. காலையில மெஷின்ல ஏத்தியிருப்பாங்க" என்றார். அவர் பிழை செய்யவில்லை. அதுதான் கொடுமை. யாரும் எதையும் நடைமுறைக்கு மாறாகச் செய்யவில்லை.

ஆயிரத்து இருநூறு வீடுகள். ஆயிரத்து இருநூறு கையேடுகள். முதல் பக்கத்தில் சங்கத் தலைவரின் வண்ணப் புகைப்படம். ஆறாம் பக்கத்தில் ஆபத்து வேளையில் கோடரி.

"கடைசி டிக் என்னுது" என்றார் அக்கா.

"கீழ போய்ப் பாத்துடலாம்க்கா. சார், வாங்க" என்றாள் நீலம்.

பன்னிரண்டு பேரைப் பாலம் கடத்தவிருந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "காலையிலேருந்தே ஒரு மாதிரியா இருக்கு. நீங்க முன்னால போங்க, நான் வந்துடறேன்" என்று கழிவறைப் பக்கம் நடந்தார். நல்ல வேகமான நடை.

படிக்கட்டில் இறங்கும்போதே அக்கா காதைத் தீட்டிக்கொண்டார். மெஷின் சத்தமே கேட்கவில்லை. ஓடுகிற மெஷின் என்றால் மாடி வரை தரை அதிரும். நிற்கிறது என்றால் முடிந்துவிட்டது என்று பொருள். கட்டி, லேபிள் ஒட்டி, வண்டியில்கூட ஏற்றியிருப்பார்கள்.

மெஷின் அறையில் மெஷின்காரர் வெள்ளைக் காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். அறுபதை நெருங்கும் ஆள். முப்பது வருஷமாக அந்த இரைச்சலில் நின்றதால் எல்லோரிடமும் உரக்கத்தான் பேசுவார். மூக்குக் கண்ணாடி நுனியில் நிற்க, கையில் ஒரு பெரிய தாள்.

"வாங்க" என்றார். "காலையில ஒம்போதரையிலேருந்து உக்காந்திருக்கேன். இந்த ஆறாம் பக்கம் யாரு எழுதினது?"

அக்கா ஓரடி முன்னால் வந்தார். "அண்ணே, எழுதினது நான் இல்ல. ஆனா டிக் போட்டது நான்தான். தப்பு என்னுதுதான்."

"தப்புதான்! பின்ன? கோடாரியைப் போய் யாராவது முதல்ல வெப்பாங்களா?"

அக்கா அவரையே பார்த்தார்.

"நீயே சொல்லும்மா. ஓங்கி ஒரு போடு போடற. மண்டையில இறங்கிடுச்சு. சரி. எப்படி வெளிய எடுப்ப? நெஞ்சு மேல காலை வெச்சு இழுக்கணும். நீ இழுத்துக்கிட்டு நிக்கும்போது பின்னாலேருந்து அடுத்தவன் வந்து கடிச்சுட்டுப் போயிடுவான். தொடர்ல போன சீசன்ல அந்தப் போஸ்ட்மேன் அப்படித்தான செத்தான்? எங்க வீட்டுல அவ ரெண்டு நாள் சாப்பிடல. கடப்பாரைதான்மா முதல்ல வரணும். மாட்டாது, மழுங்காது, பூட்டின கதவைத் திறக்கும்."

"அண்ணே" என்றாள் நீலம் மெதுவாக. "எத்தனை காப்பி ஓட்டினீங்க?"

"எங்க ஓட்டினேன்? முதல் தாளோட நிறுத்திட்டேன். இவ்ளோ பெரிய தப்பை வெச்சுக்கிட்டு எப்படி ஓட்டறது? எழுதினவன்கிட்ட கேட்டுட்டு ஓட்டலாம்னு இருந்தேன். மாடி ஏற முழங்கால் விடல. எப்படியும் இறங்கி வருவான்னு உக்காந்துட்டேன்."

அக்கா பக்கத்துக் காகிதக் கட்டின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். ஒரு தாள். ஒரே ஒரு தாள். கோடரி வீசுவதில் உள்ள நடைமுறைச் சிக்கல் அவருடைய வேலையை ஒன்றேகால் மணி நேரமாகக் காப்பாற்றி வைத்திருந்தது.

அழுவதா சிரிப்பதா என்று அவர் முடிவு செய்வதற்குள் மேனேஜர் வந்துவிட்டார்.

"மெஷின் ஏன் நிக்குது? மத்தியானம் சங்கத் தலைவர் நேர்ல வராரு! லேஅவுட்ல கேட்டா ஆறாம் பக்கத்துல ஏதோ தப்பு, மாடியிலேருந்து வந்ததுங்கறான்." அக்காவைப் பார்த்தார். குரல் மேடையேறியது. "சிவப்பு! மறுபடியும் நீங்களா? அச்சுங்கறது ஒரு தவம். ஒவ்வொரு எழுத்தும் ஒரு பொறுப்பு. இத உங்களுக்கு ரெண்டு தடவை எழுத்து மூலமா சொல்லியாச்சு. மூணாவதையும் டைப் பண்ணச் சொல்லட்டா?"

அக்கா எழுந்து நின்றார்.

மெஷின்காரர் கையைத் துடைத்துக்கொண்டு தாளை நீட்டினார். "சார், இது உங்க கையெழுத்தா பாருங்க."

இரண்டு சுழி, ஒரு வால், இரண்டு புள்ளி. மேலே "படித்தேன், சரி".

"என்னுதுதான். காலையில போட்டேன். அதுக்கென்ன?"

"படிச்சுத்தான போட்டீங்க?"

"என்ன கேள்வி இது? ஒரு எழுத்து விடாம படிக்காம நான் பேனாவையே திறக்க மாட்டேன்."

"அதான் கேக்கறேன். அப்ப கோடாரி உங்களுக்கு சம்மதமா?"

மேனேஜர் ஆறாம் பக்கத்தைப் படித்தார். அந்த அச்சகத்தில் அவர் முழுசாகப் படித்த முதல் பக்கம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். நிதானமாக, உதடு அசையப் படித்தார். செருப்புக்கு வந்தபோது ஒரு தரம் மேலே பார்த்துவிட்டு மறுபடி படித்தார்.

"பிளேட்ல கீறல் இருக்கற மாதிரி தெரியுதே" என்றார் கடைசியில்.

"ஆமா சார். பெரிய கீறல்."

"எனக்கு இங்கேருந்தே தெரியுது. புது பிளேட் போடுங்க. பழைய ஆறாம் பக்கத்தையே போடச் சொல்லுங்க." தாளுக்காகக் கையை நீட்டினார்.

மெஷின்காரர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "முதல் தாள் மெஷின் ரூமைவிட்டு வெளிய போகக்கூடாதுன்னு நீங்கதான சார் சர்க்குலர் போட்டீங்க."

சர்க்குலரையும் அவர் படித்திருக்கவில்லை போலும். மேனேஜர் நீட்டிய கையால் தன் டையைச் சரிசெய்துகொண்டார். "மூணாவது கடிதம்னு நான் பொதுவா சொன்னேன்" என்று அக்காவைப் பார்க்காமல் சொன்னார். "மாடியில வேலை இல்லையா எல்லாருக்கும்?" என்றபடி வெளியேறினார். போகும்போது மூன்று படி வரைக்கும் மிடுக்கு இருந்தது.

நீலம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அக்காவுக்கு இப்போதுதான் மூச்சு முழுசாக வந்தது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தது ஞாபகம் வந்து பசித்தது, அகோரப் பசி.

அரை மணியில் புதுப் பிளேட் ஏறியது. ஈரம் காயாத முதல் தாளை அக்காவே வாங்கிப் படித்தார். டார்ச் விளக்கு. குடிநீர். மருந்து மாத்திரை. வீட்டுச் சாவியின் நகல். உலகத்தில் இதைவிட இனிமையான பக்கத்தை அவர் படித்ததில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. எண்கள்கூட வரிசையாக இருந்தன.

"சரி, நீ எதைம்மா எடுப்ப?" என்று மெஷின்காரர் ஸ்விட்சின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார். "கடப்பாரைதான?"

"எனக்கு என்னண்ணே தெரியும்? நான் அந்தத் தொடரே பாக்கறதில்ல."

"பாக்காமயா டிக் போட்ட?"

அக்காவுக்குச் சிரிப்பு அடக்க முடியாமல் பீறிட்டது. மெஷின் ஓடத் தொடங்கி, தரை அதிர்ந்து, காது அடைத்துப்போன பிறகும், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சிரித்துக்கொண்டேயிருந்தார்.