ஒட்டுப்போட்ட படம்

சச்சிதானந்தன் டொரொன்டோவில் பார்க்டேல் பக்கத்து அறைக்கு வந்தபோது, வாடகைக்கு எடுத்த வீடியோவில் உளவாளிப் படம் பாதி ஓடியிருந்தது. சனிக்கிழமை மத்தியானம். கோழித் தொழிற்சாலையில் விறைத்துப்போன விரல்களை மாமாங்கம் தேத்தண்ணிக் கோப்பையில் சூடாக்கிக்கொண்டிருந்தான்.

"உவன்ர கையைப் பார்," என்றான் அறைத் தோழன் இக்னேசியஸ். "இப்பதானே பாலத்தால விழுந்து முறிஞ்சது. கட்டும் இல்லை, காயமும் இல்லை. மீசையும் முளைச்சிட்டுது!"

சச்சிதானந்தன் சிரித்தார். "உது படமே இல்லையடா. டிவியில கிழமைக்குக் கிழமை காட்டின தொடர். ரெண்டு கதையை வெட்டி, நடுவில புதுசா ஒரு துண்டு எடுத்து ஒட்டி, படமெண்டு விக்கிறாங்கள்."

பிறகு, தான் வந்த விஷயத்துக்குத் திரும்பினார். அகதி விசாரணையில் என்ன சொல்வதென்று புதிதாய் வந்தவர்களைப் பழக்கிவிடுபவர் அவர். செவ்வாய்க்கிழமை மாமாங்கத்தின் முறை.

"மட்டக்களப்பில அரிசி மில்லில மூட்டை தூக்கினனீ. ஆமி வந்து தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போனாங்கள். அடுத்த நாள் நீ திரும்பவும் வேலைக்குப் போனனீ. உதைச் சொன்னா, பயமில்லாதவனுக்கு எதுக்குக் கனடா எண்டு கேப்பாங்கள். அதை விடு. இக்னேசியஸ் யாழ்ப்பாணத்தில ஆமிக் காம்பில கிடந்து தப்பினதைச் சேர்."

"என்ர கதையை எடு மச்சான், வாடகை வேண்டாம்," என்றான் இக்னேசியஸ். "என்ர கேஸ் முடிஞ்சுதுதானே."

மாமாங்கம் எழுந்து வீடியோவை நிறுத்தினான்.

"படத்தில ஒட்டின இடம் உங்களுக்கே தெரியுது அண்ணை. கேள்வி கேக்கிறவனுக்குத் தெரியாதா?"

"தெரியாது. நான் சொல்லிக்குடுத்த ஆக்கள் எல்லாம் இஞ்சதான் இருக்கினம்."

"தெரியாட்டியும் சொல்லமாட்டன். அடுத்த நாள் ஏன் போனன்? தம்பிட புள்ளைகள் ரெண்டும் சோறு கேட்டதுகள். மில் வாசல்ல நிண்டா காம்ப் ரோட்டு தெரியும். அவன் நடந்து வாறானா எண்டு பாத்துப் பாத்துத்தான் மூட்டை தூக்கினன். அதை வெட்டிப்போட்டு யாழ்ப்பாணத்துக் கதையை ஒட்டச் சொல்றீங்க. எங்கட ஊர்ல நடந்தது உங்களுக்குக் காணாதா?"

"திருப்பி அனுப்பப்போறாங்கள், மடையா!"

"அனுப்பட்டும். என்ட கதையோட போறன்."

சச்சிதானந்தன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை விசாரணையில் அதிகாரி சரியாக அந்த இடத்துக்கே வந்தார். தம்பியைக் கொண்டுபோன அடுத்த நாள் என்ன செய்தாய்?

"வேலைக்குப் போனன்."

மொழிபெயர்க்க வந்த கிளடிஸ் அன்ரி, அப்படியே சொல்லவா என்பதுபோல் நிமிர்ந்தார். அவனையே பார்த்தார்.

மாமாங்கம் குளிரில் வெடித்த விரல்களை மேசைமேல் வைத்தான்.

"போனன் எண்டு சொல்லுங்க அன்ரி. மறுகா, ஏன் போனன் எண்டும் சொல்லுறன். ஒரு சொல்லும் வெட்டாம சொல்லுங்க."