ஞாயிற்றுக்கிழமைகளில் சாய்ந்த வீடு

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், இத்தாலியில் பியேவெரோஸா ஊரின் ஃபாப்ரெத்தி வீட்டுச் சமையலறையில் எழுந்த சத்தத்துக்குத் தெருவே வெளியில் ஓடி வந்தது. கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகள் அத்தனையும் அலமாரியோடு சறுக்கிப் போய் எதிர்ச் சுவரில் மோதி நொறுங்கிவிட்டன. வீடு தெருப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. மருமகள் நோர்மா கதவு நிலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். மாமியார் பால்மிரா மாவுப் பலகையை விடாமல் நாற்காலியோடு நகர்ந்து ஜன்னலருகே போய்ச் சேர்ந்திருந்தாள். சற்று நேரத்தில் வீடு நிமிர்ந்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் கோழிக்கூட்டுப் பக்கமாகச் சாய்ந்தது. இப்படி ஒரு மணி நேரம் போல ஆடிவிட்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி நேராக நின்றது.

மறுநாள் கொத்தனார் வந்து தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். நாலு சுவரும் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தன. சுவரில் ஒரு விரிசல் இல்லை. கூலியை வாங்கிக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை சாஞ்சு திங்கக்கிழமை நேரா நிக்கிற வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டு என்ன பிரயோஜனம், சாமியாரைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சாமியார் வந்து புனித நீர் தெளித்தார். அடுத்த ஞாயிறு வீடு ஆடவில்லை. அதற்கடுத்த ஞாயிறு முன்பைவிடப் பலமாக ஆடியது.

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் முடி திருத்தும் குயின்தோதான். அந்த ஊரில் மோட்டார்சைக்கிள் பந்தயம் தெரியாத ஆண்பிள்ளை கிடையாது. குயின்தோவுக்கு இத்தாலியில் உள்ள எல்லாப் பந்தயப் பாதைகளும் மனப்பாடம். அன்று அவர் நோர்மாவின் சமையலறையில் மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, வீடு சாய்வதை உடம்பால் கேட்டார். "இது பூகம்பம் இல்ல தங்கச்சி. இது மோன்சா பந்தயப் பாதை. இப்ப பெரிய வளைவுல போயிட்டிருக்கான் உன் புருஷன். பயப்படாதே, நல்லாத்தான் ஓட்டுறான்" என்றார்.

நோர்மாவின் கணவன் ஒரேஸ்தே ஃபாப்ரெத்தி அந்த வருஷம்தான் பொலோஞ்ஞாவில் ஒரு மோட்டார்சைக்கிள் தொழிற்சாலைக்குச் சம்பளத்துக்கு ஓட்டுகிற வீரனாகச் சேர்ந்திருந்தான். அவன் வண்டியை எந்தப் பக்கம் சாய்த்தானோ அந்தப் பக்கம் வீடு சாய்ந்தது. பிரேக் பிடித்தால் பானையில் இருந்த சூப்பு முன்பக்கமாக வழிந்தது. ஸ்பெயினில் ஓட்டினாலும் ஜெர்மனியில் ஓட்டினாலும் இதுதான். காரணம் தெரிந்த பிறகு ஊருக்கு நிம்மதியாகிவிட்டது. வானொலியில் முடிவு சொல்வதற்கு ராத்திரி ஆகும், பத்திரிகை திங்கட்கிழமைதான் வரும். ஃபாப்ரெத்தி வீட்டிலோ பந்தயத்தை அப்போதே உட்கார்ந்து பார்க்கலாம். ஆளுக்கொரு நாற்காலியும் ஒரு புட்டி சிவப்பு ஒயினும் கொண்டு வந்தார்கள். வளைவுக்கு வளைவு நாற்காலிகள் கூட்டமாகச் சறுக்கின. சறுக்கிய இடத்திலிருந்தே சண்டை போட்டார்கள். இவ்வளவு சீக்கிரம் பிரேக் பிடிப்பானேன் என்று ஒருவர் கேட்பார். அப்படியானால் நீயே போய் ஓட்டு, உன் பெண்டாட்டி வீடு சாயட்டும், நாங்கள் அங்கே வருகிறோம் என்று இன்னொருவர் பதில் சொல்வார்.

ஒரேஸ்தேயிடம் மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. பந்தயக்காரனிடம் அவன் ஓட்டுவதைப் பற்றி எதையும் சொல்லக் கூடாது என்பது அந்த ஊரின் கட்டுப்பாடு. ஜெயித்து வா என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவன் மலை இறக்கத்தில் அதை நினைப்பான், நினைத்தால் விழுவான். அதனால் அவன் செவ்வாய்க்கிழமை வீடு திரும்பும்போது நாற்காலிகள் அவரவர் வீட்டுக்குப் போயிருக்கும். உடைந்ததற்குப் பதிலாக அதே நிறத்தில் கோப்பைகள் வந்திருக்கும். ஒரு தடவை நீலக் கோப்பை எங்கே என்று கேட்டான். பூனை தட்டிவிட்டது என்றாள் பால்மிரா. அந்த வீட்டில் பூனை கிடையாது. ஒரேஸ்தே மேற்கொண்டு கேட்கவில்லை.

நோர்மா பிறகு பீங்கான் வாங்குவதை விட்டுவிட்டாள். அலமாரியை ஆணியடித்துச் சுவரோடு சேர்த்தாள், கட்டிலைக் கயிற்றால் கட்டினாள். அறுபதில் பிறந்த மகள் பந்தயம் நடக்கும் மாதங்களில் நடை பழகியதால், மற்ற நாட்களில் நேரான தரையில்தான் தடுக்கி விழுந்தாள். ஒரேஸ்தே மூன்று தடவை இத்தாலிய சாம்பியன் ஆனான். உலகப் பட்டியலில் ஒருமுறை இரண்டாவதாக வந்தான். இத்தனை வருஷமும் நோர்மா கேட்டதெல்லாம், ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது தன் வீடு நேராக நிற்க வேண்டும் என்பதைத்தான்.

அறுபத்தைந்து ஜூலையில் அது நடந்தது. பெல்ஜியத்துப் பந்தயத்தில் மழையில் சறுக்கி விழுந்து நேரியோ இறந்துபோனான். ஒரே தொழிற்சாலைக்கு ஓட்டியவன், ஒரேஸ்தேக்குக் கூடப் பிறக்காத அண்ணன் மாதிரி. ஒரேஸ்தே அவனுக்கு நேர் பின்னால் வந்துகொண்டிருந்தான். அடக்கம் முடிந்து அடுத்த பந்தயம் வந்தது. பியேவெரோஸாவில் நாற்காலிகள் போடப்பட்டன. வீடு சாயவில்லை. தொங்கும் விளக்கு ஒரு விரற்கடை அசைந்து மறுபடி நேரானது, அவ்வளவுதான். விளிம்பு வரை ஊற்றி வைத்த பால் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அன்று அவன் ஒன்பதாவதாக வந்தான். வீட்டுக்கு நோய் குணமாகிவிட்டது என்று ஊரார் கொஞ்சம் வருத்தத்தோடு எழுந்து போனார்கள். பால்மிரா மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

நோர்மாவும் முதலில் சந்தோஷப்பட்டாள். அந்த வாரம் ஒரேஸ்தேயின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து சந்தைக்குப் போனாள். மாவு மில்லுக்குப் பக்கத்தில் ஒரு வளைவு உண்டு. எத்தனையோ வருஷமாக அதில் அவன் தலையைத் திருப்பி இவளிடம் பேசிக்கொண்டே போவான். அன்று பேச்சை நிறுத்தினான். வேகத்தைக் குறைத்தான். ஒரு காலை நீட்டித் தரையைத் தொடாத குறையாக அந்த வளைவைக் கடந்தான். நோர்மா பின்னாலிருந்து அவன் கழுத்தைப் பார்த்தாள். வெயில் இல்லாத காலையில் அது வியர்த்திருந்தது. வீடு ஏன் நேராக நிற்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. யாரிடமும் அவள் அதைச் சொல்லவில்லை. அவனிடமும் சொல்லவில்லை.

ஊராருக்கு வேறு விதமாகப் புரிந்தது. வண்டியில்தான் கோளாறு, அது சாய மறுக்கிறது என்றார் குயின்தோ. வண்டி சாய்ந்தால் வீடு சாய்கிறது. அப்படியானால் வீட்டைச் சாய்த்தால் வண்டி சாயும். இந்தக் கணக்கில் யாருக்கும் தப்பு தெரியவில்லை. செக்கோஸ்லோவாகியா பந்தயத்தன்று அவர் கையில் கடிகாரத்தோடு நாற்காலி மேல் ஏறி நின்று இடது, வலது என்று கூவினார். முப்பது நாற்பது பேர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு சுவரில் தோள் கொடுத்தார்கள். பால்மிராவும் கொடுத்தாள். தள்ளிய பக்கமெல்லாம் வீடு பழையபடி அழகாகச் சாய்ந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். குயின்தோவின் கடிகாரம் கொஞ்சம் முந்தி ஓடுகிற கடிகாரம் என்பது அப்போது யாருக்கும் நினைவு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரேஸ்தே முழங்கையில் கட்டோடு வந்தான். இடுப்பிலிருந்து தோள் வரை தோல் உரிந்திருந்தது. சாப்பாட்டு மேஜையில் ரொட்டியைப் பிய்த்தபடி சொன்னான்.

"நேர் ரோட்டுலதான்மா போயிட்டிருந்தேன். யாரோ பக்கத்துலேர்ந்து தள்ளினாங்க. திரும்பிப் பார்த்தா, பக்கத்துல ஆளே இல்ல."

பால்மிரா எழுந்து போய்ச் சூப்பைச் சூடு பண்ண ஆரம்பித்தாள். சூப்பு ஏற்கனவே கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

செப்டம்பரில் மோன்சா. அதில் முதல் மூவரில் ஒருவனாக வராவிட்டால் அடுத்த வருஷம் வண்டி வேறு ஒரு பையனுக்குப் போகும் என்று தொழிற்சாலையில் சொல்லிவிட்டார்கள். ஒரேஸ்தேக்கு முப்பத்திரண்டு வயது. வேறு தொழில் தெரியாது. தோற்றுவிட்டால் அவன் வீட்டோடு இருப்பான், உயிரோடு இருப்பான் என்பது நோர்மாவுக்குத் தெரியும். மில்லுக்குப் பக்கத்து வளைவில் வியர்க்கிற கழுத்தோடு மிச்சக் காலம் முழுவதும் இருப்பான் என்பதும் தெரியும். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டே அந்த வாரத்துத் துணிகளைத் துவைத்தாள்.

அந்த ஞாயிறு திராட்சை அறுவடையை அப்படியே போட்டுவிட்டு, பிசுபிசுத்த கையோடு ஊர் ஆண்கள் வந்தார்கள். குயின்தோ ரிமினி நகரத்துக்குப் போய்க் கடிகாரத்தைச் சரி பண்ணிக்கொண்டு வந்திருந்தார். நோர்மா மாவு தேய்க்கும் கட்டையோடு வாசலில் நின்றாள்.

"உள்ள யாரும் வரக் கூடாது. வெளியிலயும் சுவத்துல யாரும் கை வைக்கக் கூடாது."

"நோர்மா, வழிய விடு. மோன்சாவுல ஒரு வளைவு தவிர பூராவும் வலது பக்கம்தான், எனக்குத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தெரியும்" என்றார் குயின்தோ.

"போன தடவையும் உனக்குத் தெரிஞ்சுதுதான். அவர் முதுகுத் தோல்ல எழுதியிருக்கு, வந்து படிச்சுப் பாரு."

"அது கடிகாரத்தோட தப்பும்மா."

"கடிகாரம் தப்புப் பண்ணினா தோல் உரியுறது என் புருஷனுக்கா? ஒருத்தர் கை சுவத்துல பட்டாலும், அவர் வந்ததும் எல்லாத்தையும் சொல்லிடுவேன். வீடு சாயுறதை, நீங்க தள்ளினதை, யார் யார் எந்தச் சுவத்துல நின்னீங்கங்கிறதை. பேரு சொல்லிச் சொல்லுவேன்."

சுவரருகே நின்றவர்கள் ஓர் அடி பின்வாங்கினார்கள். அவனிடம் சொல்லக் கூடாது என்பது ஏழு வருஷமாக ஊர் காத்துவந்த கட்டுப்பாடு. ஒருவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். பால்மிரா உள்ளேயிருந்து வந்தாள்.

"நீ சொல்ல மாட்டே."

"சொல்லுவேன் அத்தை. முதல் பேரு உங்க பேரு."

பால்மிரா மருமகளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணிக்குள் நுழைத்துக்கொண்டு, சுவரிலிருந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டு முற்றத்து நடுவில் உட்கார்ந்தாள். தாயே உட்கார்ந்துவிட்ட பிறகு மற்றவர்களுக்கு என்ன வேலை? திரும்பவும் அறுவடைக்குப் போனார்கள். குயின்தோ மட்டும் தெருவின் எதிர்ப்புறம் போய், கடிகாரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வீட்டைப் பார்த்தபடி நின்றார்.

நோர்மா உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள். மேஜை மேல் தொங்கும் விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். பந்தயம் தொடங்கியிருக்கும். விளக்கு அசையவில்லை. ஒரு சுற்று போயிற்று, இன்னொரு சுற்று போயிற்று. விளக்கு நேராகத் தொங்கியது. ஒன்பதாவதாகவோ பத்தாவதாகவோ வந்துகொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. எழுந்து போய்த் தானே சுவரில் தோள் கொடுத்தால் என்ன என்று ஒரு நேரம் தோன்றியது. எழுந்தும் விட்டாள். சுவர் வரைக்கும் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

பாதிப் பந்தயம் தாண்டியபோது வீடு கொஞ்சம் முனகியது. விளக்கு ஒரு சாண் நகர்ந்து உடனே திரும்பிவிட்டது. அடுத்த சுற்றில் இரண்டு சாண். அதற்கடுத்ததில் ஒன்றுமே இல்லை, மனம் மாறிவிட்டவன் வீடு மாதிரி நின்றது. அப்புறம் கதவுகள் கிறீச்சிட்டன, மேஜையில் இருந்த உப்பு ஜாடி தானாகப் புறப்பட்டது. வீடு கோழிக்கூட்டுப் பக்கமாகச் சாய ஆரம்பித்தது. சாய்ந்தது, இன்னும் சாய்ந்தது. நேரியோ உயிரோடிருந்த நாட்களிலும் அது அவ்வளவு சாய்ந்ததில்லை. நோர்மா எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. தரையில் உட்கார்ந்து, சறுக்கிக்கொண்டே போய் எதிர்ச் சுவரில் முதுகு சேர்ந்து, அங்கேயே இருந்தாள். வெளியே முற்றத்தில் பால்மிரா சத்தமில்லாமல் சிலுவைக் குறி போட்டுக்கொண்டிருந்தாள். கடைசிச் சுற்றில் கூரை ஓடுகள் நாலைந்து கழன்று கோழிகள் மேல் விழுந்தன. கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்று ஒரேஸ்தே மூன்றாவதாக வந்தான். வண்டி அவனிடமே இருந்தது. இன்னும் நாலு வருஷம் ஓட்டினான், அதில் மறுபடி ஒரு தடவை இத்தாலிய சாம்பியனும் ஆனான். வீடு ஞாயிறுதோறும் சாய்ந்தது. நாற்காலிகள் திரும்பி வந்தன. தள்ளுகிற பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. பால்மிரா அறுபத்தெட்டு மழைக்காலத்தில், வீடு நேராக நின்ற ஒரு புதன்கிழமை, தூக்கத்தில் இறந்தாள். அடுத்த வருஷ முடிவில் ஒரேஸ்தே ஓட்டுவதை நிறுத்திவிட்டு ரிமினி சாலையில் பெட்ரோல் பங்க் ஒன்றை எடுத்து நடத்த ஆரம்பித்தான். பந்தயம் போனதும் வயிறு வந்தது என்று குயின்தோ முகத்துக்கு நேராகவே கேலி பண்ணினார். இப்போது எதையும் அவனிடம் சொல்லலாம் அல்லவா.

எழுபதில் பந்தய மாதங்கள் தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை, பழக்க தோஷத்தில் இரண்டு மூன்று பேர் நாற்காலியோடு வந்தார்கள். வீட்டுக்காரனே மேஜையில் உட்கார்ந்து, பாலாடைக்கட்டி பொதிந்த மாவுருண்டைகள் மிதக்கும் கப்பெல்லெத்தி சூப்பு குடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துக் கூச்சப்பட்டு, ஆளுக்கொரு கிண்ணம் குடித்துவிட்டு, வெயிலைப் பற்றியும் முட்டை விலையைப் பற்றியும் பேசிவிட்டுப் போனார்கள். வீடு நேராக நின்றது. மகள் தோட்டத்தில் இருந்தாள். நோர்மா கிண்ணங்களை எடுத்து அடுக்கினாள். ஒரேஸ்தே கிண்ணத்தின் அடியை ரொட்டித் துண்டால் வழித்துக்கொண்டிருந்தான். வழித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் வழித்தான். தலையை நிமிர்த்தாமல் கேட்டான்.

"நோர்மா, அந்த மோன்சா அன்னிக்கு, கடைசிச் சுத்துல... வீட்டை யாரும் தள்ளலையே?"