குடிக்கக் கூடாத காபி

என் தங்கை வத்ஹாவின் கணவன் சுவைலிம் யாரையும் கொல்லவில்லை. அன்று அவன் எங்கள் ஊர் கெரக்கில் தன் கடையில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தான். கொன்றவன் தஹாம், இருவருக்கும் ஒரே கொள்ளுத்தாத்தா. தஹாமை நீதிமன்றம் சிறையில் போட்டுவிட்டது. ஆனாலும் கொன்றவனுக்கு ஐந்து தலைமுறைக்குள் உறவானவர்கள் எல்லாரும் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்பது பழைய வழக்கம். இரண்டு வருடமாக வத்ஹா மதபா நகரில் ஒற்றை அறையில் கணவன், குழந்தைகளோடு கிடக்கிறாள்.

அவர்களைத் திரும்ப விடச் சொல்லிக் கேட்கத்தான் நாற்பது பேர் அபூ ஹாயிலிடம் போனோம். கொலையுண்டவன் அவருடைய மகன். தஹாமின் இரத்த உறவு யாரும் வரக்கூடாது; நான் சுவைலிமின் மைத்துனன் என்பதால் வரலாம். வண்டியில் என் பக்கத்தில் தலைநகர் அம்மானிலிருந்து வந்த வக்கீல் நாயிஃப். வழியெல்லாம் வாய் ஓயவில்லை.

"அந்தக் காலத்துல உயிருக்கு உயிர். கையில அகப்பட்ட சொந்தக்காரன் எவனா இருந்தாலும் வெட்டு. ஊரைவிட்டு அனுப்புற வழக்கம் வந்துதான் ரத்தம் நின்னுச்சு. இப்ப ஜெயில் இருக்கே! ஊரைவிட்டு அனுப்புறத கொன்னவன் வீட்டோட நிறுத்திக்கலாம்னு பெரியவங்களே கையெழுத்துப் போட்டாச்சு. ரொட்டிக்காரன் என்ன பாவம் பண்ணான்?"

எங்களுக்காகப் பேச வந்த ஷேக் ஜத்ஆன் முன்னால் இருந்து திரும்பினார். "அங்க வந்து பேசாத. காபி வந்தா கீழ வை. கேட்டது கிடைக்கிற வரைக்கும் குடிக்கக் கூடாது."

"தெரியும் ஷேக். நானும் இந்த மண்ணுல பொறந்தவன்தான்."

"பொறந்தது இங்க. வளர்ந்தது ஏசி ரூம்ல."

வண்டியே சிரித்தது. என் கைபேசி அடித்தது. வத்ஹா.

"அண்ணே, போயாச்சா? நான் மூட்டை கட்டிட்டேன்!"

"அவர் இன்னும் சரின்னு சொல்லலடி."

"சொல்லுவாரு. தெனம் எங்க ரொட்டி தின்ன மனுஷன்."

அபூ ஹாயிலின் கூடாரத்தில் காபி வந்தது. ஷேக் கோப்பையைத் தரையில் வைத்தார், எல்லாரும் வைத்தோம். அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார். அபூ ஹாயில் தலையை நிமிர்த்தினார்.

"என் மகன் மண்ணுக்குள்ள இருக்கான். அவங்க மட்டும் வீட்டுக்கு வரணுமா?"

நாயிஃபால் பொறுக்க முடியவில்லை. "கொன்னவன் உள்ள இருக்கான் அபூ ஹாயில்! பச்சப்பிள்ளைங்க ஏன் தெருவுல நிக்கணும்? ஒரு குத்தத்துக்கு எத்தன பேருக்குத் தண்டனை?" தொண்டை வறண்டது. கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தான்.

ஷேக் கண்ணை மூடிக்கொண்டார். அபூ ஹாயிலின் தம்பி மகன் துள்ளி எழுந்தான்.

"பெரியப்பா, நீங்க சரின்னு சொல்லுமுன்ன குடிச்சிட்டான்! நம்மள மதிக்கல. எல்லாரையும் அனுப்புங்க!"

"தொண்ட... வறண்டு..." என்றான் நாயிஃப், காலிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி. வத்ஹாவின் மூட்டை என் கண்முன் வந்தது.

அபூ ஹாயில் அந்தக் கோப்பையையே பார்த்தார்.

"உக்காருடா," என்றார் தம்பி மகனிடம். "கேக்க வந்தவன் என் கூடாரத்துல காபியக் குடிச்சிட்டு, கேட்டது கிடைக்காம வெறுங்கையோட போனான்னு ஊர் பேசணுமா? எங்கப்பன் காலத்துலயும் அப்படி நடக்கல, என் காலத்துலயும் நடக்காது." ஷேக்கிடம் திரும்பினார். "தஹாம், அவன் அப்பன், பிள்ளைங்க, இவங்க யாரும் இந்த ஊர் மண்ண மிதிக்கக் கூடாது. மத்தவங்க வரட்டும். காபியக் குடிங்க."

ஆறிப்போன கோப்பைகள் அத்தனையும் ஒன்றாக உயர்ந்தன. "வக்கீலுக்கு இன்னொண்ணு ஊத்துங்கப்பா," என்றார் ஷேக். அபூ ஹாயிலின் மீசைகூட ஒரு கணம் அசைந்தது.

நான் வெளியே ஓடினேன். அழைப்பு முழுசாகப் போகுமுன்பே அவள் எடுத்துவிட்டாள்.

"அண்ணே, குடிச்சாங்களா?"

"ஒருத்தன் முன்னாடியே குடிச்சிட்டான்."

"ஐயோ அல்லாஹ்! அப்புறம்?"

"அப்புறம் எல்லாரும் குடிச்சோம்! மூட்டைய வண்டியில ஏத்து!"