புகைக்குச் சவர்க்காரம்

1

எந்தப் பாத்திரத்தைக் கண்டாலும் கழுவிவிடுவது பாலம்மாவின் வழக்கம். அது யாருடையது, அதில் இன்னும் என்ன மிச்சமிருக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு இரண்டாம் பட்சம். கல்யாண வீட்டில் பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்துத் தும்மியவர் திரும்பிப் பார்த்தால், கிண்ணம் பளபளவென்று கவிழ்ந்திருக்கும். இந்தக் கதையும் அவ்வாறு பறிபோன ஒரு கோப்பையிலிருந்து பிறந்ததுதான். கலஹாவுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நான் பாதி குடித்து வைத்த தேநீரை ஓர் அம்மையார் கொண்டுபோய்க் கழுவிவிட்டார். மீதியையும் குடிக்க விட்டிருந்தால் நான் பேசாமல் பஸ் ஏறியிருப்பேன், நீங்களும் தப்பியிருப்பீர்கள்.

(பாலம்மா என்பது அந்த அம்மையாருக்கு நான் வைத்த பெயர். கதைமாந்தரையும் 'பாத்திரம்' என்றே அழைக்கும் நம் மொழி வாழ்க! என் பாத்திரம் பாத்திரம் கழுவுகிறது. இந்த மகிழ்ச்சியில் இரண்டு நாள் எழுத்து ஓடவில்லை.)

2

முதல் தொடக்கம்: 'ஒரு காட்டில் ஒரு புகை வாழ்ந்து வந்தது. அதற்கு ஒரு நரி—'

(நிறுத்திவிட்டேன். நீதிக்கதை சொல்லிப் பழகிய கை, எதற்கெடுத்தாலும் நரியைக் கூப்பிடுகிறது.)

இரண்டாம் தொடக்கம்: 'மலைமுகட்டில் மூடுபனி மெல்லக்—'

(பனிக்கு இக்கதையில் வேலை இல்லை.)

மூன்றாவதை வைத்துக்கொள்வோம். தொழிற்சாலையின் விறகு அடுப்புப் புகையிலுள்ள காபனீரொட்சைட் என்ற கரியமில வாயுவைப் பிடிக்க முடியுமா என்று சோதிக்க, ஆய்வாளர் நிரஞ்சனி அங்கே ஒரு சிறிய ஆலையை நிறுவியிருந்தார். நெடிய குழாய் ஒன்று. கீழிருந்து புகை ஏறும். மேலிருந்து ஒரு கரைசல் மழைபோல் இறங்கும். நடுவழியில் கரைசல் அந்த வாயுவைக் கவ்விக்கொண்டு தொட்டிக்குத் திரும்பும். பெரிதாகக் கட்டுமுன் இப்படிச் சிறிதாகக் கட்டிப் பார்ப்பதைப் 'பைலட் பிளாண்ட்' என்பார்கள். தோட்டத்து மக்கள் அதைப் 'பைலட்டு' என்று சுருக்கி, எப்போது பறக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆலையைத் துப்புரவாக வைத்திருப்பது பாலம்மாவின் வேலை. கரைசலைக் கலந்து தொட்டியில் நிரப்புவது ஃபாஸிலின் வேலை. அக்குறணைக்காரன், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கொழும்பு அதிகாரிகள் பார்க்க வரும் சோதனை ஓட்டம் நன்றாக நடந்தால் நிரந்தரமாகும் என்று நிரஞ்சனி சொல்லியிருந்தார்.

3

சோதனைக்கு முதல் நாள் ஆயுத பூசை. தொழிற்சாலையில் இயந்திரம் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். மூடி திறந்து வெறுமையாகக் கிடந்த தொட்டியைப் பாலம்மா கண்டாள்.

(இவ்விடத்தில் பேனாவைப் பிடித்து நிறுத்திப் பார்த்தேன். அவள் நிற்கவில்லை.)

எலுமிச்சை வாசச் சவர்க்காரத்தூளைத் தாராளமாகத் தூவி உட்புறமெல்லாம் தேய்த்தாள். அலசும் நேரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் நின்றுபோயிற்று. ஒப்புக்கு ஒரு வாளி ஊற்றிப் பொட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் கொழும்பு அதிகாரிகள் முன்னிலையில் ஃபாஸில் கரைசலை நிரப்பினான். புகை ஏறியது. கரைசல் இறங்கியது. குழாயின் உச்சியில் வெண்ணுரை மெல்ல எட்டிப் பார்த்தது. கூட்டத்தைக் கண்டதும் கூச்சம் தெளிந்து பொங்கியது. மாலை மாலையாக வழிந்து, முற்றத்தில் இறங்கி, கொழுந்து நிறுக்கும் இடம் வரை நடந்தது. நாய்கள் அதைக் கடித்துத் தும்மின. ஒரு குவியல் தலைமை அதிகாரியின் வழுக்கையில் போய் அமர்ந்தது. அதுதான் பிடிபட்ட புகை என்றெண்ணிய அவர் எழுந்து நின்று கைதட்டினார். அவர் தட்டியதால் மற்றவர்களும் தட்டினார்கள்.*

நிரஞ்சனி தட்டவில்லை. பிழையான கேனைத் திறந்து ஊற்றியிருக்கிறான் என்று முடிவுசெய்து, அத்தனை பேர் முன்னிலையிலும் ஃபாஸிலை ஏசினார்.

"சரியான கேன்ல ஈந்தத தான் ஊத்தினேன், மிஸ்," என்றான் அவன்.

"இனி நீர் இந்தப் பக்கம் வரத் தேவையில்லை."

பாலம்மா காற்றை முகர்ந்தாள். எலுமிச்சை. வாயைத் திறக்கவில்லை.

* இந்தப் பத்தியை அடக்கமாகத் திருத்தி எழுதப் பார்த்தேன். நுரை ஒவ்வொரு தடவையும் தாளை விட்டு வழிந்தது.

4

இங்கேதான் எனக்கு அவள்மேல் ஐயம் பிறந்தது. கல்யாண வீட்டிலேயே துணிந்து கிண்ணம் பிடுங்குபவள் வாய்மூடி நிற்பாளா? உண்மையைச் சொன்னால் தன் வேலை போய்விடும் என்ற பயம் என்று காரணம் எழுதினேன். காரணம் சரிதான், ஆனாலும் அவள் அதற்குள் அடங்கவில்லை. அன்று மாலை வீட்டில் ஒரு கோப்பையைக்கூட அவள் கழுவவில்லை. மகள் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

முடிவு (அ): நுரை வாய் திறந்து உண்மையைச் சொல்கிறது. (நரியை விரட்டினால் நுரை பேச வருகிறது.)

முடிவு (ஆ): நிரஞ்சனி கரைசலை ஆய்வுகூடத்தில் சோதித்துத் தாமே உண்மையைக் கண்டு—

(இந்த வாக்கியத்தை முடிக்கப் பாலம்மா விடவில்லை.)

5

மறுநாள் காலை ஃபாஸில் வேலை நேரத்தில் காலுக்குப் போடும் தன் சப்பாத்துகளை எடுத்துப் போக வந்தான். அவன் பையைத் தோளில் மாட்டியபோது, எல்லாரும் கூடியிருந்த இடத்தில் பாலம்மா நடுவே வந்து நின்றாள்.

"மிஸ், தம்பி மேல குத்தமில்ல. தொட்டிய நான் தான் சவுக்காரம் போட்டுக் கழுவுனேன்."

ஏன் என்று கேட்டார் நிரஞ்சனி.

"ஆயுத பூசைக்கு எல்லாச் சாமானையும் கழுவுறோம். இது மட்டும் என்ன பாவம் செஞ்சிச்சு?"

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். நிரஞ்சனி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ஏற்கெனவே துடைத்ததுதான். பிறகு ஃபாஸிலின் பக்கம் திரும்பினார்.

"நேற்று எல்லாருக்கும் முன்னால ஏசினன். என்ன நடந்தது எண்டு ஒரு வார்த்தை விசாரிக்கேல்லை. இப்ப எல்லாருக்கும் முன்னால சொல்லுறன்: பிழை என்னுடையது. நீர் போகத் தேவையில்லை."

தொட்டியை நுரை அடங்கும்வரை அலச வேண்டும்; குழாயில் இன்னும் தண்ணீர் வரவில்லை. பாலம்மா வாளியோடு மலைநீர் விழும் பீலிக்குப் போனாள். நிரஞ்சனியும் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு போய், பாதியை வழியிலேயே சிந்தித் திரும்பினார். மூன்றாம் வாளி தூக்க ஆளில்லாமல் பீலியடியில் நிரம்பிக்கொண்டிருந்தது.

"பாலம்மாக்கா," என்றான் ஃபாஸில், பையை இறக்காமலே. "எவ்வளவு தூள் போட்டீங்க?"

"முழுப் பாக்கெட்டும், தம்பி. பைலட்டு பெரிசுல்ல?"

அவன் உதட்டோரம் துடித்தது. அது சிரிப்பா இல்லையா என்று நான் எழுதப் போவதில்லை. ஏச்சு வாங்கியவன் அவன். அவனுக்காக நான் மன்னித்துக் கொடுப்பது முறையன்று. வாளி வழிகிறது. ஃபாஸில் அதைப் பார்க்கிறான். நீங்கள் அவனுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். கொஞ்சம் விலகி வழி விடுங்கள், எந்தப் பக்கம் நடக்கிறான் என்று பார்ப்போம்.