தொடையிடுக்கில் ஓர் எலுமிச்சம்பழம்

குனிந்தால் வலித்தது. நிமிர்ந்தால் அதைவிட வலித்தது. தொடையிடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். அரிசிக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவனுக்கு அந்த இடத்தில் வீங்கினால் என்னவென்று கேட்க யாரும் டாக்டரைத் தேடுவதில்லை.

"குடல் இறங்கிருச்சு மாப்ளே," என்றான் மச்சான். பெண்டாட்டியின் அண்ணன், கிடங்கில் மூட்டை தூக்க ஜோடியும் அவன்தான். "ஆபரேஷன்தான். அப்புறம் ஆயுசுக்கும் மூட்டையைத் தொட முடியாது."

"எனக்கு வேற என்ன வேலை தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. அதான் கவலையா இருக்கு."

குடல் இன்னும் இறங்காமலிருக்க, பழைய சாக்கைச் சுருட்டி வீக்கத்தின்மேல் வைத்துத் துண்டால் இறுக்கிக் கட்டினான் மச்சான். கிடங்கில் எல்லோருக்கும் அதுதான் வைத்தியம். அந்த வாரம் முழுக்க இரண்டு பேர் மூட்டையையும் அவனே சுமந்தான். மாப்பிள்ளை உட்கார்ந்து சாக்குத் தைத்தான். தையல் கோணிக்கொண்டு போனது. வலி கூடியதுதான் மிச்சம். கடைசியில் பெண்டாட்டி இருவரையும் ஆஸ்பத்திரிக்குத் துரத்தினாள்.

அங்கே இருந்தது லேடி டாக்டர். துண்டை அவிழ்ப்பதற்குள் மாப்பிள்ளைக்கு வேர்த்துவிட்டது.

"சாக்கை யார் கட்டினது?"

மச்சான் மின்விசிறியைப் பார்த்தான்.

"எழுந்து நின்னு இருமுங்க."

இருவரும் இருமினார்கள்.

"நீங்க இல்ல. அவரு."

டாக்டர் விரல் வைத்துப் பார்த்தார். "குடல் இறங்கியிருந்தா இருமறப்போ கையில முட்டும். இது முட்டல. நெறி கட்டியிருக்கு. கால்ல புண் இருந்தா இங்க நெறி வீங்கும். புண் ஏதாவது இருக்கா?"

"இல்லீங்க."

கால்சட்டையை ஏற்றச் சொன்னார். கெண்டைக்காலில் வரிசையாகக் கீறல்கள், நடுவில் ஒரு கொப்புளம்.

"அது புண்ணு இல்லீங்க. பூனை."

கிடங்குப் பூனை மூட்டை இடுக்கில் குட்டி போட்டிருந்தது. தெரியாமல் அடுக்கில் கால் வைத்தவனை அது பிறாண்டித் துரத்தியது. பூனைக்குப் பயந்து ஓடினான் என்று கிடங்கே சிரிக்கும். அதனால் அவன் வாயே திறக்கவில்லை.

ஸ்கேனிலும் குடல் அதன் இடத்திலேயே இருந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார். "மெதுவாத்தான் வத்தும். வத்தலேன்னா திரும்ப வாங்க."

"மூட்டை தூக்கலாமுங்களா?" என்றான் மாப்பிள்ளை.

"வலி விட்டதும் தூக்கலாம். சாக்கு மட்டும் கட்டாதீங்க."

வெளியே வந்த மச்சான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான். "ஒரு பூனைக்கா மாப்ளே என் முதுகு போச்சு?"

"குடல்னு சொன்னது நீதானே மச்சான்."

"சொன்னதும் நான்தான். தூக்கினதும் நான்தான்."

மச்சானுக்குத் தூக்கித் தர வேண்டிய ஒரு வாரத்து மூட்டையை மாப்பிள்ளை இன்னும் பாக்கி வைத்திருக்கிறான்.